கணக்கில் சேராத மாத்திரை

ஜனவரி 1, புதன்

கு. நாச்சிமுத்து, டி.பார்ம்., ஜெயம் மெடிக்கல்ஸ், அந்தியூர். புது டைரியின் முதல் பக்கத்தில் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இந்த வருடமும் டைரி மருந்துக் கம்பெனி உபயம். ரெப் நேற்றே வந்து கொடுத்துவிட்டுப் போனார். கெட்டி அட்டை, வழவழ தாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர்களுடைய கேஸ் மாத்திரையின் படம், பக்கத்தில் 'வயிறு லேசானால் நாளே லேசு' என்று ஒரு வரி. எழுதுகிற இடத்தில் கால்வாசியை அதுவே தின்றுவிடுகிறது. ஓசியில் வந்ததற்கு நொட்டை சொல்லக்கூடாது.

ஆனால் அந்த மாத்திரை நல்ல மாத்திரை. முப்பத்து நான்கு வருடமாக இந்தக் கடை ஊருக்குப் பாதி ஆஸ்பத்திரி. உப்புசம், ஏப்பம், நெஞ்சு கரிப்பு என்று யார் வந்தாலும் ஆளைப் பார்த்தே எடுத்துக் கொடுத்துவிடுவேன். சீட்டு எதற்கு? சீட்டு எழுதுகிற டாக்டரும் இதைத்தானே எழுதுகிறார்.

ருக்குமணி இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஐப்பசியில் அவள் தம்பி மகள் கல்யாணம். பத்திரிகையில் என் பெயரை விட்டுவிட்டார்கள். "மறந்துட்டனுங்க மாமா" என்றான் மச்சினன். மறக்கிற பெயரா இது? என் வீட்டிலிருந்து ஒருத்தரும் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அவளும் போகவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல், சாப்பிட்டது செரிப்பதில்லை. கார்த்திகை பிறந்ததிலிருந்து தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை, என் கையாலேயே கொடுக்கிறேன். வயிறு அடங்கிவிட்டது. கோபம்தான் அடங்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வாசலில் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒரு கோலம். "ஏம்புள்ள, மாவு தீந்துபோச்சா?" என்றேன். மாவு டப்பாவை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனாள்.

ஜனவரி 28, செவ்வாய்

தையல்கார பழனிசாமி அண்ணன் எனக்குத் தைத்த சட்டையைக் கொண்டுவந்தார். பொத்தான் துளை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்க்கிறது. "கண்ணு போச்சா, கை போச்சாண்ணா?" என்று கேட்டேன். "ஊசில நூலு கோக்க முடியறதில்ல தம்பி, கை நடுங்குது. அறுபத்தெட்டு ஆச்சல்ல" என்றார். வழக்கம்போல ஒரு அட்டை கேஸ் மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். மூன்று வருடமாக வாங்குகிறார். அது இல்லாவிட்டால் அவருக்கு ஒரு வாய் இறங்காது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் சுகன்யா வீடியோவில் பேசினாள். பேத்தி ஆடிக் காட்டினாள், பாடிக் காட்டினாள். ருக்குமணி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, அம்மா ஏன் சிரிக்கவே மாட்டீங்கறாங்க?"

"உங்க மாமன் வீட்டுக் கல்யாணத்துக்கு உடலியாமா. அந்தக் கடுப்பு."

"அதுக்கு நாலு மாசமாவா?"

பேத்தியிடம்கூட வீம்பு காட்டுகிற ஒரு பொம்பிளையோடு நான் குடித்தனம் நடத்துகிறேன். எனக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறது. யாரும் கேட்பதில்லை.

மார்ச் 6, வியாழன்

இன்று கடையில் மானம் போயிற்று.

எங்கள் கடைக் கவர் ஊரில் பேர் போனது. மற்ற கடைகளில் மாத்திரைக் கவரில் கோடு கோடாகக் கிறுக்கித் தருவார்கள். இங்கே ருக்குமணி, 'காலை – சாப்பாட்டுக்கு முன்', 'இரவு – சாப்பாட்டுக்குப் பின்' என்று குண்டு குண்டாகத் தமிழில் எழுதித் தருவாள். கண்ணாடியை மறந்து வருகிறவர்கூடப் படித்துவிடலாம். "அம்மா கையெழுத்துல குடுங்க" என்று கேட்டே வாங்குவார்கள்.

ரைஸ்மில் சின்னச்சாமி இன்று கவரை மேசைமேல் போட்டார். "இது என்னுங்க, முன்னாலயா பின்னாலயா? ஒண்ணுமே தெரியலீங்க." வாங்கிப் பார்த்தால் எறும்பு வரிசை. முதல் எழுத்து கடுகு, கடைசி எழுத்து கடுகில் பாதி.

நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன்: "இப்படி எழுதறதுக்கு எழுதாமயே இருக்கலாம். பெருசா எழுது." எழுதினாள். 'காலை' பெரிதாக வந்தது. 'சாப்பாட்டுக்கு' சுருங்கியது. 'முன்' மறுபடியும் எறும்பு. என்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறாள் என்று அப்போதுதான் உறுதியானது.

கூட்டத்தில் நூல் மில்லுக்குப் போகிற பெண்ணொருத்தி தயங்கித் தயங்கி நின்றாள். இரண்டு மாதமாகத் தீட்டு வரவில்லையாம், கல்யாணம் ஆகாதவள். அதற்கும் ஒரு மாத்திரை கொடுத்தேன். கூடவே அவள் வழக்கமாக வாங்குகிற கேஸ் மாத்திரையும்.

ஏப்ரல் 3, வியாழன்

கவரில் இனி நானே எழுதுகிறேன். அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த மூடியை மூட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

இரண்டு இட்லி சாப்பிட அரைமணி நேரம். மறுபடியும் வயிறு உப்பிக்கொள்கிறதாம். கேஸ் மாத்திரையை இரண்டாக்கிவிட்டேன். காலை ஒன்று, இரவு ஒன்று.

மே 5, திங்கள்

பத்து நாளாக நானும் பேசவில்லை. அவளால் முடிந்தால் என்னாலும் முடியும்.

மே 23, வெள்ளி

குளியலறையில் கால் தடுக்கி விழுந்தாள். அடி பெரிதாக இல்லை. ஆனால் தூக்கி உட்கார வைத்தபோதுதான் பார்த்தேன், வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளக்குக்குத் திரி உருட்டுவதுபோல ஓயாமல் உருட்டிக்கொண்டிருக்கின்றன. நான் பிடித்துக்கொண்டால் நிற்கிறது. விட்டால் உருட்டுகிறது.

"எப்ப இருந்து?" என்றேன்.

"ரொம்ப நாளாங்க" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஈரோட்டில் நரம்பு டாக்டரிடம் போனோம். ஹேமலதா என்று பெயர். என் மகள் வயதுதான் இருக்கும். ருக்குமணியை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார்.

"அம்மா வேற என்ன மாத்திரை எடுத்துக்கறாங்க?"

அவள் வாயெடுக்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். அவள் பேசி முடிக்கக் காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். "பிரஷருக்கு ஒண்ணு, தைராய்டுக்கு ஒண்ணுங்க. நான் பார்மசிஸ்ட்டுங்க. தேவையில்லாம ஒண்ணும் குடுக்கறதில்ல."

பார்க்கின்சன் மாதிரித்தான் தெரிகிறது என்றார். மூளையில் டோபமைன் என்கிற சரக்கு குறைந்துபோகிற வியாதி. அதனால்தான் நடுக்கம், மெது நடை, சின்ன எழுத்து, அசையாத முகம். டோபமைனை ஈடுகட்ட லெவோடோபா எழுதிக் கொடுத்தார். பாடத்தில் படித்ததுதான், எனக்குப் புதிதில்லை. பஸ்ஸில் வரும்போது சுகன்யாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் நானே விளக்கினேன். அழுதாள்.

அசையாத முகமும் வியாதிதான் என்று டாக்டர் சொன்னார். அப்படியானால் அது கோபம் இல்லையா? எட்டு மாதமாக நான் யாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்?

இரவு அவளிடம் "தட்டை நான் கழுவறேன், நீ போய்ப் படு" என்றேன். இவ்வளவுதான் வந்தது வாயில்.

ஜூலை 9, புதன்

புது மாத்திரை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குமட்டல். குமட்டலுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா? கேஸ் மாத்திரையை மூன்று வேளையாக்கினேன். குமட்டல் நின்றது.

நடுக்கம் நிற்கவில்லை. இப்போது இடது கையிலும். சேலைக் கொசுவத்தை நான்தான் மடித்துக் கொடுக்கிறேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் கொசுவம் இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டர் ஹேமலதா, "ரெண்டு மாசத்துல கொஞ்சமாவது குறைஞ்சிருக்கணுமே" என்றார். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

"பிரஷருக்கு ஒண்ணு, தைராய்டுக்கு..."

"சார், நீங்க கொஞ்சம் இருங்க. அம்மா சொல்லட்டும்."

ருக்குமணி உதட்டைத் திறக்கவே நேரம் எடுத்தது. டாக்டர் காத்திருந்தார். அவள் மஞ்சள் பைக்குள் கையை விட்டாள், கை உள்ளே படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு பழுப்புக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் கொடுப்பதை அவள் போட்டு வைத்துக்கொள்கிற கவர். மேலே அவள் கையெழுத்து, எறும்பு வரிசை. "இது... கேஸ் மாத்திரைங்க. மூணு வேளை."

"அது கேஸ் மாத்திரைதானுங்க டாக்டர்" என்றேன். "அதையெல்லாம் மாத்திரைக் கணக்குல சேக்கறதில்லீங்க."

அவர் கவரிலிருந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை, ருக்குமணியைத்தான் பார்த்தார்.

"அம்மா, இதுல ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு அமிலத்தைக் குறைக்கறது, அதால பெருசா ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு லெவோசல்பிரைடு. இதே குடும்பத்து மருந்தை மனநோய்க்கும் குடுப்போம். மூளையில டோபமைன் போய் உக்கார்ற இடத்தை இது அடைச்சுக்கும். கொறஞ்ச அளவுல குடுத்தா வயிறு சீக்கிரம் காலியாகும், உப்புசம் அடங்கும். அதனால வயித்துக்கும் குடுக்கறாங்க. கொஞ்ச நாளைக்குன்னா பரவால்ல. எத்தனை நாளா சாப்பிடறீங்க?"

"கார்த்திகையில இருந்துங்க."

"ஒம்பது மாசம்." அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "நான் ஒரு பக்கம் டோபமைனை ஊத்தியிருக்கேன். நீங்க இன்னொரு பக்கம் குழாயை அடைச்சிருக்கீங்க. இது நிஜமான பார்க்கின்சனாவே இல்லாம இருக்கலாம். இதை இன்னைக்கே நிறுத்துங்க. பாதிப் பேருக்கு மேல சரியாயிடும், மாசக்கணக்குல ஆகும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருந்துடும். பார்மசி படிச்சவர் வேற நீங்க."

பஸ்ஸில் ருக்குமணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்தியூர் வரும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் ஒன்றும் இல்லை. இருந்ததையெல்லாம் அழிக்க நான் எவ்வளவு கச்சிதமாக வேலை செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அந்த டாக்டர் சின்னப் பெண். அனுபவம் போதாது. ஊரில் எல்லாக் கடையிலும் விற்கிறார்கள், எல்லா டாக்டரும் எழுதுகிறார்கள். நான் ஒருவன் மட்டும் என்ன செய்ய முடியும்?

சுகன்யா போன் செய்தாள். டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார் என்று சொன்னேன். பொய் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடை திறக்கவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

இந்த டைரியின் கடைசிப் பக்கத்தை இன்றுதான் திருப்பினேன். கம்பெனிக்காரன் அந்த மாத்திரையின் விவரம் முழுவதையும் அங்கே அச்சடித்திருக்கிறான், அவ்வளவு பொடி எழுத்தில். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். கை நடுக்கம், தசை இறுக்கம், அசைவு குறைதல். மார்பில் பால் சுரத்தல். மாதவிலக்கு நின்றுபோதல். முதியவர்களுக்கு எச்சரிக்கையுடன் தரவும். மருத்துவர் சீட்டின்பேரில் மட்டும் விற்கவும்.

எட்டு மாதமாக நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் இது இருந்திருக்கிறது. தீட்டு வரவில்லை என்று வந்த மில் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று ருக்குமணி தானே தலை பின்னிக்கொண்டாள். பின்னல் கோணல்தான். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வெளியே வந்தபோது கேட்டாள்: "ஏனுங்க, தையல்கார அண்ணனுக்குச் சொல்லீட்டீங்களா?"

"எதை?"

"அவருக்கும் கை ஆடுதுல்லங்க. மூணு வருசமா நாந்தான கவர் எழுதிக் குடுத்தேன்."

"சொல்லீட்டேன்" என்றேன். நாளைக்குச் சொல்லிவிட்டால் அது பொய்யாகாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

பழனிசாமி அண்ணன் வந்தார். சொல்லத்தான் வாயெடுத்தேன். கடையில் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேரும் கேட்க, இத்தனை நாள் கொடுத்தது தப்பு என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு எவன் படி ஏறுவான்? இவருக்கு நான் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் வாங்கப்போகிறார். வயதும் ஆகிவிட்டது, எதனால் நடுங்குகிறதோ.

அட்டையைக் கொடுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பேத்தி போனில் கம்பி மத்தாப்பைக் காட்டினாள். ருக்குமணி சிரித்தாள். பல் தெரிய, கன்னம் மேலேறி, கண் சுருங்கி, பழைய சிரிப்பு. சுகன்யா அந்தப் பக்கம், "அம்மா சிரிக்கறாங்க, அம்மா சிரிக்கறாங்க" என்று கத்துகிறாள். நானும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் போய் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. இன்னும் முழுக்கக் குணமாகவில்லை போலிருக்கிறது.

கவர் எழுத ஆரம்பித்துவிட்டாள். எழுத்து மொச்சைக் கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. வலது கட்டைவிரல் மட்டும் அவ்வப்போது உருட்டுகிறது.

அக்டோபர் 27, திங்கள்

பழனிசாமி அண்ணன் தையல் மிஷினை விற்றுவிட்டாராம். கேள்விப்பட்டேன்.

நவம்பர் 19, புதன்

பாங்க் வேலையாகப் போய்விட்டு மத்தியானம் கடைக்குத் திரும்பினேன். பழனிசாமி அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ருக்குமணி மேசைக்கு உள்ளே நின்றிருந்தாள். மேசைமேல் ஒரு அட்டை கேஸ் மாத்திரை. இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள்.

அவர்தான் கேட்டார். சத்தம் போடவில்லை.

"ஏந்தம்பி, இந்த மாத்திரையாலயும் கை ஆடும்னு ஆடி மாசமே உனக்குத் தெரியுமாமா?"

நான் சாவியை ஆணியில் மாட்டினேன்.

"நா மிசின வித்தது ஐப்பசிலப்பா" என்றார். மடியில் இருந்த கையைத் தூக்கி இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். மாத்திரையை எடுத்துக்கொள்ளவில்லை.

"ருக்கு" என்றேன். "சொல்லோணும்னுதான் இருந்தேன். கூட்டமா இருந்துச்சு அன்னிக்கு."

"எங்கிட்டச் சொல்லீட்டேன்னீங்க."

நான் மேசைமேல் கிடந்த மாத்திரையை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

"ஒம்பது மாசம் நீங்க தெரியாம எனக்குக் குடுத்தீங்க. நம்ம நேரம்னு உட்டுட்டேன். இந்த மூணு மாசம் தெரிஞ்சே அந்த அண்ணனுக்குக் குடுத்தீங்களே."

"கோவப்படாத. உனக்கு ஒடம்புக்கு..."

"நீங்க எட்டு மாசமா நாங் கோவமா இருக்கேன்னு நெனச்சுப் பேசாம இருந்தீங்க. அப்ப எனக்குக் கோவமே இல்லீங்க. பேத்தியப் பாத்துச் சிரிக்கோணும்னு நெனப்பேன், மூஞ்சி வராது. உங்களக் கூப்படோணும்னு நெனப்பேன், சத்தம் வராது. இப்பத்தானுங்க கோவம்."

புருவம், கன்னம், உதடு, ஒன்றுவிடாமல் எல்லாம் அவள் முகத்தில் திரும்பி வந்திருந்தன. ஒரு வருடமாக நான் பார்க்க ஏங்கிய முகம். என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நவம்பர் 20, வியாழன்

கடைக்கு வந்தபோது முகப்பில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. மருந்துப் பெட்டியை வெட்டி, அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுதியிருக்கிறாள்: 'இங்கே கேஸ் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவர்கள் கை நடுங்கினாலும், நடை தளர்ந்தாலும், மாதத் தீட்டு நின்றாலும் என்னிடம் வந்து சொல்லவும். ஈரோட்டு டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். – ருக்குமணி.'

காலையிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். ஒருவரும் என்னிடம் பேசவில்லை. அவள் முன்னால் கையை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். ஆறாவதாக வந்தவள் அந்த மில் பெண். ருக்குமணி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்துப் பேசினாள். வெளியே வரும்போது பெயரைக் கேட்டு ஒரு கவரில் எழுதிக்கொண்டாள்.

எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரம் போய் நின்றேன். அட்டையைக் கழற்றச் சொல்லலாமா என்று பார்த்தேன். குண்டு குண்டான எழுத்து, கடைசி வார்த்தை வரை ஒரே அளவு. அங்கிருந்தே, கண்ணாடி போடாமலே, முழுவதையும் படிக்க முடிந்தது.